லுகேமியா வந்தவருக்கு வாய்ப்பு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்ற ரிப்போர்ட் கைக்கு வந்த ராத்திரியே பெரும்பாலானோர் போனை எடுத்து "லுகேமியா வந்தால் எத்தனை வருஷம் இருப்பார்கள்" என்று தேடிவிடுகிறார்கள். கிடைப்பது ஒரு சதவீதக் கணக்கு. அது எந்த வகை நோயின் கணக்கு, எந்த வயதினரின் கணக்கு, எந்தக் காலத்துக் கணக்கு என்று அங்கே யாரும் விளக்கியிருப்பதில்லை. அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கேள்வி-பதில். ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

லுகேமியா என்றாலே பிழைக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்குப்படி, எல்லா வகை லுகேமியாவையும் சேர்த்துப் பார்த்தால் நோய் தெரிந்து 5 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர். 1970களின் நடுவில் இது மூன்றில் ஒருவராக இருந்தது.

ஆனால் இந்த மொத்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வயதுக் குழந்தையையும் எண்பது வயது முதியவரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து வந்த எண் அது. உங்கள் வீட்டில் இருப்பது அந்தச் சராசரி ஆள் இல்லை.

அப்படியானால் எந்த வகைக்கு எவ்வளவு?

முக்கியமான வகைகள் நான்கு. வேகமாக வளர்பவை இரண்டு: ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா), ஏ.எம்.எல். (அக்யூட் மைலாய்டு லுகேமியா). மெதுவாக வளர்பவை இரண்டு: சி.எல்.எல். (க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுகேமியா), சி.எம்.எல். (க்ரானிக் மைலாய்டு லுகேமியா).

குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல்.-இல் ஐந்தாண்டு கடப்பவர்கள் சுமார் 90 சதவீதம். அதே நோய் பெரியவர்களுக்கு வந்தால் இந்த எண் கணிசமாக இறங்கிவிடும். ஏ.எம்.எல்.-இல் எல்லா வயதினரையும் சேர்த்தால் பத்தில் மூன்று பேர். இளையவர்களுக்கு இதைவிட அதிகம், 65-ஐத் தாண்டியவர்களுக்கு வெகு குறைவு. சி.எல்.எல்.-இல் 85 சதவீதத்துக்கு மேல். சி.எம்.எல்.-இல் பதிவேட்டுக் கணக்கு 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்கள் ஏறக்குறைய தங்கள் வயதை ஒத்த மற்றவர்களைப் போலவே ஆயுளைக் கழிக்கிறார்கள்.

பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. வேகமானது மோசம், மெதுவானது பரவாயில்லை என்று நினைப்போம். பாதிதான் சரி. மெதுவான வகைகளைப் பெரும்பாலும் அடக்கி வைத்தே காலம் தள்ளுகிறார்கள், வேரோடு எடுப்பது அரிது. வேகமான வகை ஆரம்பத்தில் ஆளையே அடித்துப்போட்டாலும், ஒழுங்காக அடங்கினால் மொத்தமாகவே போய்விடலாம். மருந்தே இல்லாமல் முப்பது நாற்பது ஆண்டுகளாக நடமாடுபவர்களில் நிறையப் பேர் சிறுவயதில் ஏ.எல்.எல். வந்தவர்கள்தான்.

ஐந்தாண்டுக் கணக்கு என்றால் ஐந்தாண்டுதான் இருப்பார் என்றா அர்த்தம்?

இல்லவே இல்லை. கணக்கெடுப்பை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும் அல்லவா, அதற்கு வைத்த கோடு அது. 5 ஆண்டு கடந்தவர்களில் பலர் அதற்குப் பிறகும் வாழ்கிறார்கள். இன்னொன்று, ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு முன் சிகிச்சை தொடங்கியவர்களைத்தான் எண்ண முடியும். நடுவில் வந்த மருந்துகளின் பலன் அதில் முழுதாக ஏறியிருக்காது.

எந்த ஸ்டேஜ் என்று கேட்டால் டாக்டர் நேராகப் பதில் சொல்வதில்லையே?

மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மார்பகம், நுரையீரல் போல் ஓர் இடத்தில் தொடங்கிப் பரவும் நோய் இல்லை இது. ரத்தம் உடம்பு முழுக்க ஓடுவதால், முதல் நாளிலேயே எல்லா இடத்திலும்தான் இருக்கும். சி.எல்.எல்.-க்கு மட்டும் ஸ்டேஜ் பிரிக்கும் வழக்கம் உண்டு. மற்றவற்றில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ரிஸ்க் குரூப்?" என்பதுதான்.

அதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு குழந்தைக்கு வயது 4, வெள்ளணு எண்ணிக்கை 12,000. இன்னொரு குழந்தைக்கு வயது 12, வெள்ளணு 80,000. இருவருக்கும் பி-செல் (ஒருவகை வெள்ளணு) வகை ஏ.எல்.எல்.-தான். முதல் குழந்தை சாதாரண ரிஸ்க், இரண்டாவது அதிக ரிஸ்க். வயது 1 முதல் 10-க்குள், வெள்ளணு 50,000-க்குக் கீழ் என்பது ஆரம்பக் கோடு. அப்புறம் மரபணு ரிப்போர்ட் வந்து இந்தக் கணக்கை மேலேயோ கீழேயோ நகர்த்தும். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகளுக்கு வருவது மட்டும் இன்றும் கடினமான நோயாகவே இருக்கிறது.

ஏ.எம்.எல்.-இல் வயதோடு சேர்ந்து மரபணு மாற்றங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. என்.பி.எம்.1 மாற்றம் மட்டும் இருந்தால் நல்ல பக்கம். டி.பி.53 மாற்றம் இருந்தால் கஷ்டமான பக்கம். எஃப்.எல்.டி.3 மாற்றம் முன்பெல்லாம் கெட்ட செய்தியாக மட்டுமே இருந்தது. 2017-இல் அதைக் குறிவைக்கும் மிடோஸ்டாரின் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

இந்த ரிப்போர்ட்கள் வரச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதற்கு முன் "எவ்வளவு சதவீதம்?" என்று டாக்டரை நெருக்கினால், அவர் சொல்லும் எண் பொதுக் கணக்காகத்தான் இருக்கும். காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் அரைகுறை எண்ணைவிட அது மேல்.

"ரெமிஷன் வந்துவிட்டது" என்றார்கள். குணமாகிவிட்டதா?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இதுதான். எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ரத்த அணுக்களும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் ரெமிஷன் என்பார்கள். நல்ல செய்திதான், முதல் வாசலைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நோய் தெரியும் நாளில் உடம்பில் இருக்கும் லுகேமியா செல்கள் தோராயமாக ஒரு லட்சம் கோடி. மைக்ராஸ்கோப்புக்கு எதுவும் தெரியாத அன்றும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம். "அதுதான் போய்விட்டதே, இன்னும் ஏன் கீமோ?" என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

அந்த மிச்சத்தை அளக்க எம்.ஆர்.டி. என்ற சோதனை இருக்கிறது. பத்தாயிரம் செல்களில் ஒன்று லுகேமியா செல்லாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். முதல் சுற்று கீமோ முடிந்து வந்த ரிப்போர்ட்டில் "பிளாஸ்ட் 3%" என்று ஒரு வரியும், அதற்குக் கீழே "எம்.ஆர்.டி. 0.4%" என்று இன்னொரு வரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரியைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். டாக்டரின் கண் நிற்பது இரண்டாவது வரியில். ஏ.எல்.எல்.-இல் அது 0.01 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். மேலே இருந்தால் சிகிச்சையைக் கடுமையாக்குவார்கள், சிலருக்கு மஜ்ஜை மாற்றும் பேச்சு வரும்.

என்னைக் கேட்டால், முதல் நாள் ரிப்போர்ட்டில் இருக்கும் எதையும்விட இந்த ஒரு எண்ணை நம்பலாம். வயதும் மரபணுவும் நோய் எப்படி நடந்துகொள்ளக்கூடும் என்று சொல்கின்றன. மருந்துக்கு அது எப்படி நடந்துகொண்டது என்பதை எம்.ஆர்.டி. சொல்கிறது.

குழந்தைகளுக்கு மட்டும் எப்படி 90 சதவீதம்? ஏதாவது புது மருந்தா?

ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பகுதி பழைய மருந்துகள்தான். 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதாக இருந்தது. சில மாதங்களில் எல்லோருக்கும் திரும்பிவிட்டது. அந்த மருந்தைச் செய்து கொடுத்த லெடர்லி ஆய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் ஏ.எல்.எல். குழந்தைகள் சாப்பிடும் மாத்திரை.

1960களில் டொனால்ட் பிங்கெல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் துணிந்து நான்கைந்து மருந்துகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். செல்கள் போய் ஒளிந்துகொள்ளும் மூளை-தண்டுவடப் பகுதிக்குத் தனியாகச் சிகிச்சை கொடுத்தார்கள், அடங்கிய பிறகும் வருஷக் கணக்கில் மருந்தைத் தொடர்ந்தார்கள். பத்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்காத நோயில் பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய உயர்வு பெரும்பாலும் யாருக்கு எவ்வளவு மருந்து என்று துல்லியமாகப் பிரித்ததாலும், கிருமித்தொற்றைச் சமாளிக்கக் கற்றதாலும் வந்தது. மந்திர மருந்து என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது.

மெயின்டனன்ஸ் மாத்திரையை ஒன்றிரண்டு நாள் விட்டால் என்ன ஆகும்?

ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தம் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். மெயின்டனன்ஸ் எனப்படும் கடைசிக் கட்டம் வீட்டிலேயே மாத்திரையாகப் போகும். குழந்தை ஓடி விளையாடும், முடி முளைத்திருக்கும், பள்ளிக்கும் போகத் தொடங்கியிருக்கும். அசட்டை வருவதும் அப்போதுதான். மெர்காப்டோபியூரின் மாத்திரையை 95 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் தெளிவாகக் கூடுவதை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. 95 சதவீதம் என்றால் மாதத்தில் ஒரு நாள் மறக்கலாம், இரண்டு நாள் மறந்தால் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை. இரண்டாவதைத் தெரியாமல் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வாரநாளின் பெயரை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

சிகிச்சையின்போது எது ஆபத்தான காலம்?

முதல் சில வாரங்கள். கீமோ லுகேமியா செல்களோடு நல்ல வெள்ளணுக்களையும் துடைத்துவிடும். அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரியானாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்ற யோசனை இந்த நோயில் உயிரைக் குடித்திருக்கிறது.

அப்பாவுக்கு 74 வயது, ஏ.எம்.எல். என்கிறார்கள். வாய்ப்பு இருக்கிறதா?

சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. இந்த வயதில் ஏ.எம்.எல். முழுக்கக் குணமாவது அரிது. ஏழு நாள் ஒரு மருந்து, மூன்று நாள் இன்னொரு மருந்து என்று போகும் வழக்கமான கடும் கீமோவை உடம்பு தாங்காமல் போகலாம். அதற்குப் பதிலாக வந்திருப்பது வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் அசாசைட்டிடின் ஊசியும் சேர்ந்த சிகிச்சை. கடும் கீமோ தாங்காதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், அசாசைட்டிடின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.7 மாதம்.

இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குள் இறந்தார்கள், மீதிப் பாதி அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள். 14.7 மாதத்தில் எல்லோருக்கும் மணி அடித்துவிடுவதில்லை. சிலர் மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கிறார்கள், சிலருக்கு முதல் மாதமே தாண்டுவதில்லை. அப்பாவின் மரபணு ரிப்போர்ட்டும் இதய, சிறுநீரக நிலையும் அவர் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லும்.

வலி, மூச்சுத்திணறல், களைப்பைக் கவனிக்கும் பேலியேட்டிவ் குழுவை முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கைவிட்ட பிறகு போகும் இடம் என்று அதை நினைக்கிறார்கள், அப்படியில்லை. கீமோவோடு சேர்ந்தே நடக்கக்கூடியது அது. என்ன சிகிச்சை வேண்டும், எவ்வளவு தூரம் வேண்டும் என்று அப்பாவையே கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.பி.எல். என்று போட்டிருக்கிறது. ஏ.எம்.எல். மாதிரியா?

ஏ.பி.எல். (அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா) அதன் ஓர் உட்பிரிவுதான், ஆனால் கதை தலைகீழ். ஒரு காலத்தில் ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே கொன்றுவிடும் வகையாக இருந்தது. இன்று வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையும் ஆர்சனிக் ட்ரை ஆக்ஸைடு மருந்தும் சேர்த்துக் கொடுக்க, முதல் வாரங்களைத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். அந்த முதல் வாரங்கள்தான் சிக்கல். அதனால் சந்தேகம் வந்த அன்றே, முடிவுக்குக் காத்திராமல், மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.

சி.எம்.எல். மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலோர் ஆம். 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு இந்த நோய் சர்க்கரை நோய் போல மருந்தோடு வாழும் நோயாகிவிட்டது. முதன்முதலில் அதைப் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 10 ஆண்டு கழித்து 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் நோயின் மரபணு அடையாளத்தை அளக்கும் பி.சி.ஆர். சோதனையில் நோய் மிக ஆழமாக அடங்கியதாகத் தொடர்ந்து காட்டினால் நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே நிலைக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே எண் ஏறும். உடனே மாத்திரையைத் தொடங்கினால் மறுபடி அடங்கிவிடுகிறது. ஆரம்ப மாதங்களில் மாதாமாதம் சோதனை செய்ய வசதி இருந்தால் மட்டும், டாக்டரோடு பேசி, இதைச் செய்யலாம். செலவு, பக்கவிளைவு என்று தானாக நிறுத்துவது வேறு விஷயம், அது விபரீதத்தில் முடியும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு சி.எல்.எல். என்று சொல்லிவிட்டு மருந்தே தரவில்லை. கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை, பக்கவிளைவுகள் மட்டும் முன்னதாக வந்துவிடும். மூன்றில் ஒருவருக்குக் கடைசிவரை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ரத்தசோகை, பிளேட்லெட் இறக்கம், பெரிதாகும் நெறிகட்டி, ராத்திரி வியர்வை, எடை குறைவு போன்றவை வரும்போது தொடங்குவார்கள். அதுவரை மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் கட்டாயம் குணமாகுமா?

கட்டாயம் இல்லை. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கே அதைச் செய்கிறார்கள், ஏனென்றால் அந்தச் சிகிச்சைக்கே உயிர் ஆபத்து உண்டு. கொடுத்தவரின் செல்கள் வாங்கியவரின் தோல், குடல், கல்லீரலைத் தாக்குவதும் நடக்கும். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. யாரும் பொருந்தாவிட்டால் பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்தோ பிள்ளையிடமிருந்தோ எடுக்கும் முறை இன்று நன்றாகவே நடக்கிறது.

திரும்பி வந்துவிட்டால் அவ்வளவுதானா?

முதல் முறையைவிடக் கடினம், அதை மறுக்க முடியாது. எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்பது முக்கியம். சிகிச்சை நடக்கும்போதே திரும்பியது மோசம், முடிந்து நீண்ட நாள் கழித்து வந்தது அவ்வளவு மோசமில்லை. பி-செல் ஏ.எல்.எல்.-இல் நோயாளியின் சொந்த டி-செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை வந்திருக்கிறது. 2012-இல் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமி, இரண்டு முறை நோய் திரும்பிய பின், அதைப் பெற்ற முதல் குழந்தை ஆனார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் நோயின்றி இருக்கிறார். எல்லோருக்கும் அப்படி நிலைப்பதில்லை, விலையும் பலருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடுகிறது. வேகமான வகைகளில் ஐந்து ஆண்டுகள் சுத்தமாகக் கடந்தால் டாக்டர்களே "குணம்" என்ற சொல்லைத் தைரியமாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

நோயாளியிடம் சொல்லாமல் மறைக்கலாமா?

வேண்டாம். முடி கொட்டும், வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுவார், போனில் மருந்துப் பெயரைத் தேடுவார். எப்படியும் தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார். குழந்தைக்கும் அதன் வயதுக்கேற்ற அளவில் சொல்லலாம். ஆனால் சதவீதம் வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியே சொல்லட்டும். எண்ணைக் கேட்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை.

தொற்றுமா? பிள்ளைகளுக்கு வருமா?

தொற்றாது. பரம்பரையாக வருவது மிக அரிது.

எல்லாம் முடிந்த பிறகு பழையபடி வாழலாமா? குழந்தை பெறலாமா?

பெரும்பாலோர் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். களைப்பு மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குழந்தைப்பேறு பற்றிய பேச்சைச் சிகிச்சைக்கு முன்பே எடுக்க வேண்டும். பரபரப்பில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், டாக்டரும் சில சமயம் மறந்துவிடுகிறார். ஏ.எல்.எல். கீமோவுக்குப் பின் பலரால் இயல்பாகவே குழந்தை பெற முடிகிறது. மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் அந்த வாய்ப்பைப் பெருமளவு பறித்துவிடும். விந்தணுவை உறைய வைப்பது ஒருநாள் வேலை. கருமுட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும், அந்த அவகாசம் எல்லா நோயாளிக்கும் கிடைப்பதில்லை.

டானோருபிசின், டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்துகள் வருடங்கள் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம், அதனால் அவ்வப்போது எக்கோ பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு நிறையப் போனவர்களுக்கு, குறிப்பாகப் பதின்வயதினருக்கு, இடுப்பெலும்பு மூட்டு தேயலாம். நடக்கும்போது இடுப்பு வலித்தால் சுளுக்கு என்று விட வேண்டாம்.

சிகிச்சை முடியும் நாளில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். நோயின் முழுப் பெயர், மரபணு முடிவு, போன மருந்துகள், டானோருபிசின் வகை மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எங்கே, எவ்வளவு. இருபது வருஷம் கழித்து இதய டாக்டரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பது அந்த மொத்த அளவைத்தான், பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுப்பது அப்போது லேசில் நடக்காது.